மருந்தென்று நான் எண்ணாதது: பாரூரிலிருந்து எல்லை கடந்த ஒரு மருத்துவப் பயணம்

இவ்வலைப்பூவில் ஏழாண்டுகளாகத் திருத்தல யாத்திரைகளையே எழுதி வந்திருக்கிறேன். இம்முறை எழுதுவது மருத்துவமனைக்குச் சென்று வந்த பயணத்தை. என் இல்லாள் அலமேலுவுக்குத் தொடையின் உட்புறத்தில், தசையை ஒட்டி, அரியவகைப் புற்றுக்கட்டி ஒன்று தோன்றியது. கிருஷ்ணகிரியில் அதை அறுத்தெடுத்த மருத்துவர், பாடநூலில் படித்திருப்பதாகவும், கையால் தொடுவது இதுவே முதல்முறை என்றும் கூறினார். இருமுறை அகற்றியும் அது மீண்டும் முளைத்தது. வழக்கமான மருந்துகளுக்கும் அது பணியவில்லை. எல்லைக்கு அப்பால், பெங்களூரு செல்லும் வழியிலுள்ள ஒரு மருத்துவமனையில், இத்தகைய கட்டிகளுக்கென ஒரு புதிய மாத்திரையை ஆய்வு முறையில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று அவரே வழிகாட்டினார். கடந்த ஆடி மாதம் அலமேலு அதில் சேர்ந்தாள். அதை அறிந்த வாசகர் சிலர், எப்படிச் செல்வது, எவ்வளவு நேரமாகும், என்னென்ன விதிகள் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

ஆய்வின் நடைமுறை எளியது, ஆனால் கண்டிப்பானது. நாள்தோறும் காலை உணவுக்குப் பின் ஒரு மாத்திரை. உட்கொண்ட நேரத்தை அவர்கள் தந்த குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஐப்பசியில் எடுத்த ஸ்கேனில், எலுமிச்சையளவு இருந்த கட்டி நெல்லிக்காயளவாகச் சுருங்கியிருந்தது. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நான் பாசுரங்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் நன்றாக உறங்கிக்கொண்டு வந்தாள்.

கார்த்திகையில் தொலைபேசி வந்தது. பேசியவர் நந்தினி, ஆய்வுக்கு வருவோரின் வருகை, பரிசோதனை, பதிவு அனைத்தையும் பார்த்துக்கொள்ளும் ஓசூர்ப் பெண். ரத்தத்தில் ஈரல் நொதிகளின் அளவுகள் மும்மடங்கு ஏறியிருப்பதாகவும், வியாழனன்று வந்து மறுபரிசோதனை செய்ய வேண்டுமென்றும் சொன்னார். அப்போதும் குறையாவிடில் மாத்திரை நிறுத்தப்படும், ஆய்விலிருந்தே விலக நேரிடலாம் என்றார். அலமேலுவுக்கு இதைவிட்டால் வேறு மருந்து இல்லை. அந்த வியாழக்கிழமைப் பயணத்தைத்தான் இங்கே விவரிக்கிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நீராடி, பூசையை முடித்து, தீர்த்தம் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பரிசோதனைக்கு முன் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது. பாரூரில் நகரப் பேருந்து 4.50க்கு. கிருஷ்ணகிரி முப்பது கிலோமீட்டர். எனக்கு இருபத்தைந்து ரூபாய், அலமேலுவுக்குக் கட்டணமில்லை. 5.50க்குக் கிருஷ்ணகிரி நிலையத்தை அடைந்தோம். ஓசூர் வண்டி ஆறு மணிக்குக் கிளம்பியது. ஐம்பது கிலோமீட்டர், ஆளுக்கு ஐம்பது ரூபாய். சூளகிரிக்கருகே பாறை மலைகளின் பின்னிருந்து கதிரவன் எழுந்த காட்சியை எந்தத் தலத்திலும் நான் கண்டதில்லை. அதற்குப் பின் சாலை முழுவதும் தொழிற்சாலைகளின் பேருந்துகள்தாம். எங்கள் வண்டியில் சீருடையணிந்த ஒரு திருநெல்வேலிப் பெண் எழுந்து அலமேலுவுக்குச் சன்னலோர இருக்கையைத் தந்தார். நின்றபடியே உறங்கும் கலையில் அப்பெண் தேர்ந்தவர்.

ஓசூரில் 7.20. அங்கிருந்து கர்நாடகப் பேருந்து; அதில் அம்மாநிலப் பெண்களுக்கு மட்டும் கட்டணமில்லை. நடத்துநர் அலமேலுவிடம் ஆதார் அட்டையைக் கேட்டார். முகவரியைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அம்மா, இது நம்ம ஸ்டேட் அட்ரஸ் இல்ல. டிக்கெட் எடுக்கணும்."

"காலைல பாரூர்ல இனாம் ஆளா ஏறுனேனுங்க. வர வர காசு குடுக்குற ஆளாயிட்டேன்" என்றாள் அவள். நடத்துநர் சிரித்துவிட்டு, காலை நீட்டி உட்காரும்படி முன்னிருக்கையைக் காட்டினார். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். அத்திப்பள்ளி எல்லையில் நெரிசலால் இருபது நிமிடம் போயிற்று. இறங்கி, ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து, 8.40க்கு மருத்துவமனையை அடைந்தோம்.

ரத்தம் எடுப்பதற்கு முன் நந்தினி வழக்கமான கேள்விகளைக் கேட்டுப் படிவத்தில் குறிப்பார். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறாரா. இந்த மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொரு முறையும் நான் "இல்லை" என்றே சொல்லி வந்திருக்கிறேன். அன்றும் சொன்னேன். பிறகு அவர், வெறும் வயிற்றோடுதான் வந்தீர்களா என்று கேட்டார்.

"தண்ணி மட்டுந்தான் கண்ணு. அப்புறம் சாமி தீர்த்தம்" என்றாள் அலமேலு.

"துளசித் தண்ணிதானே பாட்டி? அது பரவால்ல." நந்தினியின் பேனா அடுத்த வரிக்குச் சென்றுவிட்டது.

அலமேலு என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கியபின் அவள் மிகவும் சோர்ந்து போனாள். உடலுக்கு உறுதி தரும் என்று எண்ணி, புரட்டாசி முதல் எங்கள் வேலியில் படர்ந்த சீந்தில் கொடியை இடித்துக் காய்ச்சி, அந்தக் கஷாயத்தைச் செம்பில் ஊற்றிப் பெருமாள் திருமுன் வைத்து, பாசுரம் ஓதி, அரைத் தம்ளர் அவளுக்குத் தீர்த்தமாகக் கொடுத்து வந்தேன். அவன் திருமுன் வைத்து எடுத்தபின் அது என் கண்ணுக்கு மருந்தாகத் தோன்றவில்லை, பிரசாதமாகவே தோன்றியது. ஆகவே "வேறு மருந்து" என்ற கேள்வி அதைச் சுட்டுவதாக ஒருநாளும் நான் எண்ணியதில்லை. ஐப்பசி ஸ்கேனில் கட்டி சுருங்கியதைக் கண்டதும், அவனருளே பலித்தது என்று மகிழ்ந்து, அரைத் தம்ளரை முழுத் தம்ளராக்கினேன்.

அந்தச் சில நொடிகளில் என் மனத்தில் ஓடியது நல்ல எண்ணம் அன்று. நாளை முதல் சீந்திலை நிறுத்திவிட்டால் ஈரல் தானே தேறும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. சொல்லிவிட்டாலோ, விதியை மீறியவள் என்று அவளை ஆய்விலிருந்தே நீக்கிவிடலாம். மருத்துவரிடம் தெரிவிக்காமல் நாட்டு மருந்து உட்கொள்ளலாகாது என்ற வரி ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது. ஆய்வில் சேரும்போது அப்படிவத்தை அவளுக்கு முழுமையாக வாசித்து விளக்கியவனே நான்தான்.

"ஏங்க, அதுல சீந்தில் கெடக்குதுன்னு சொல்லுங்க" என்றாள் அலமேலு. "கோயில்ல மைக் வெச்சு வாய்மை வாய்மைன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. இந்தப் புள்ளைகிட்டச் சொல்றதுக்கு என்ன?"

சொன்னேன், அளவு, தொடங்கிய நாள், இரட்டிப்பாக்கிய நாள் எல்லாவற்றையும் சொன்னேன். நந்தினிக்குச் சீந்தில் எதுவென்று விளங்கவில்லை. ரத்தம் எடுக்க வந்த கன்னடக்காரர் எட்டிப் பார்த்து, கன்னடத்தில் அது அம்ருத பள்ளி என்றார். "ஓ, திப்ப தீகயா? எங்க வீட்டுக் கொல்லையிலயே இருக்கு" என்று அதன் தெலுங்குப் பெயரைச் சொன்ன நந்தினி, பேனாவை மூடிவிட்டு மருத்துவரை அழைக்கச் சென்றார்.

மருத்துவர் ஐம்பது வயதை எட்டிய அம்மையார். சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களெதிரே அமர்ந்தார். சீந்திலை அளவின்றி உண்டு ஈரல் பழுதானவர்களைத் தாம் முன்பே பார்த்திருப்பதாகச் சொன்னார். ஆனாலும் இங்கே காரணம் அதுதான் என்று இப்போதே முடிவு கட்டமாட்டேன், இரண்டையும் நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அப்போது அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"ஐயா, இந்த நோய் வந்தவங்க ரொம்பக் கம்மி. பெரிய ஆய்வுல ஒருத்தர் விவரம் தப்பாப் போனா கூட்டத்துல கரைஞ்சிடும். இங்க கரையாது. நீங்க சொல்லாம இருந்திருந்தா, மாத்திரைதான் லிவரைக் கெடுக்குதுன்னு எழுதியிருப்போம். நாளைக்கு இதே கட்டியோட வர்றவங்களுக்கு இந்த மருந்து கிடைக்காமலே போயிருக்கும்."

இவளை நீக்கிவிடுவீர்களா என்று கேட்டேன். அது தம் கையில் மட்டும் இல்லை, ஆய்வை நடத்துவோருக்கும் மருத்துவமனையின் அறநெறிக் குழுவுக்கும் எழுத வேண்டும், இரண்டு வாரம் பொறுத்திருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் ஓசூர் நிலையத்துக்கெதிரே இட்டிலி உண்டோம். எனக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. அலமேலு நான்காவதை முடித்துக் கை கழுவிவிட்டு, "உங்க பெருமாளுக்கும் ஒரு லிவர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கணும். மூணு மாசமா அவருக்குந்தானே மொதல்ல படைச்சீங்க" என்றாள். சிரித்த பிறகு எனக்கும் இரண்டு இட்டிலி இறங்கியது.

அந்த இரண்டு வாரமும் பூசையில் நான் எதையும் வேண்டவில்லை. அருள் என்று பெயரிட்டுவிட்டால் எதையும் ஆராயவேண்டியதில்லை என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேனே என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையை ஆக்கியவர்களும், அதை ஐயத்தோடு பார்த்து ஒவ்வொன்றையும் எழுதி வைப்பவர்களும் அவனுடைய கைகள் அல்லவென்று எனக்கு யார் சொன்னது?

மறுமுறை சென்றபோது ஈரல் அளவுகள் ஏறத்தாழப் பழைய நிலைக்கு இறங்கியிருந்தன. மீறல் பதிவு செய்யப்பட்டது. அலமேலு ஆய்வில் தொடரலாம் என்று அனுமதியும் வந்திருந்தது. மாத்திரையைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினார்கள். மூன்று வாரம் கழித்து, இந்த மார்கழியில் எடுத்த பரிசோதனையிலும் அளவு ஏறவில்லை. அடுத்த ஸ்கேன் தையில். அது என்ன சொல்லுமோ அறியேன். இப்போதைக்கு மனம் நிறைவாக இருக்கிறது.

இதே வழியில் செல்லவிருப்போருக்குச் சில சொற்கள். கிருஷ்ணகிரியில் ஆறு மணி வண்டியைத் தவறவிடாதீர்கள். அடுத்த வண்டியில் ஏறினால் ஓசூரில் தொழிற்சாலைகளின் ஷிப்ட் மாறும் நெரிசலில் சிக்கி, அத்திப்பள்ளியைக் கடக்கவே ஒரு மணி நேரமாகும். பயணச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் ஆய்வில் வழிச்செலவைத் திருப்பித் தருகிறார்கள். உணவைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ரத்தம் எடுத்த உடனே உண்ணலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலேயே கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வந்து கையொப்பமிடலாம், எவரும் அவசரப்படுத்துவதில்லை. எந்த நாளிலும் விலகிக்கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து போக நான்கு மணி நேரம், வர ஐந்து. காலில் கட்டியுள்ளவர்களுக்கு இது எளிதன்று, இரண்டிடத்திலாவது இறங்கி நடக்கச் செய்யுங்கள்.

எல்லாவற்றிலும் முதன்மையான அறிவுரையை நான் சொல்வதைவிட, கடைசி முறை அங்கே கண்டதைச் சொல்கிறேன். எங்களுக்குப் பக்கத்து மேசையில், ஓசூருக்கருகே பேரிகை என்னும் ஊரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் அமர்ந்திருந்தார்கள், அன்றுதான் முதல்முறை. நந்தினி அவர்களிடம் தெலுங்கில் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அம்மொழி ஓரளவு விளங்கும். வேறு மருந்து உண்டா என்றார்; இல்லை என்றார் கணவர். நந்தினி பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தாமல், கஷாயம், லேகியம், பச்சிலை, கோயிலிலிருந்து வருவது, சாமியார் கொடுத்தது, மருந்தென்று நீங்கள் நினைக்காதது, எதுவானாலும் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம் என்றார்.

அந்த மனிதர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டையின் உட்பையில் கைவிட்டு, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து, இரு கைகளாலும் மேசைமேல் வைத்தார்.