வளைவுக்கு அந்தப் பக்கம் அருவி

காலை 4.30, ஆரையம்பதி. வேனில் முதலில் ஏறியது மனிதர்கள் அல்ல. இரண்டு காஸ் அடுப்பு, ஒரு பெரிய சோற்றுப் பானை, மூன்று சட்டி, அகப்பைகள், துருவலை, அரிசி மூட்டை, கடைசியாக ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் முதல் நாள் மாலை வாவியில் பிடித்த நண்டு. இவையெல்லாம் வசதியாக அமர்ந்த பிறகு மிஞ்சிய இடத்தில் நாங்கள் பதினொரு பேர் ஏறினோம். மலைநாட்டு அருவி ஒன்றைப் பார்க்க ஒரு நாள் பயணம் போகிறோம். ஆனால் பார்த்தவர்கள் ஏதோ கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நண்டுப் பெட்டிக்கு இடமில்லை. என் அண்ணனின் மனைவி பூமணி மச்சாள் அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அவர் இரவு இரண்டு மணிக்கே எழும்பி மிளகாய்த்தூள் வறுத்து இடித்தவர். அண்ணனும் அவருடைய தோணிக் கூட்டாளிகளும் வருடம் ஒரு தடவை இப்படிப் போவார்கள். மச்சாளுக்கு இது மூன்றாவது பயணம். முதல் இரண்டிலும் அருவி வரைக்கும் போய், அருவியைப் பார்க்காமல் திரும்பி வந்தவர். ஒரு தடவை சமையல், மறு தடவை சமையலோடு யாரோ ஒருவருடைய காய்ச்சல்காரப் பிள்ளை.

இந்தத் தடவை நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "மச்சாள், ஒங்களுக்கு அருவி காட்டாம நான் திரும்பி வரமாட்டன்" என்று பெரிய வாயாகச் சொல்லியிருந்தேன்.

கல்முனை, அம்பாறை, சியம்பலாண்டுவ வழியாக 8.15க்கு மொனராகலை. தேநீருக்கு இறங்கினோம். கடையில் சோற்றுப் பார்சலும் கட்டித் தருவதாக எழுதியிருந்தது. அண்ணனிடம் போய், "பதினொரு பார்சல் வாங்குவமா? சமையல் வேலை மிச்சம்" என்றேன்.

"என்னகா கதைக்கிறாய்? கடைச்சோறு தின்னவா இவ்வளவு தூரம் வாற? பூமணி வைக்கிற நண்டுக் கறிக்கு முன்னால எந்தக் கடை நிக்கும்?"

கூட்டாளிகள் எல்லோரும் "ஓம் ஓம்" என்று தலையாட்டினார்கள். மச்சாள் வெட்கப்பட்டுச் சிரித்தார். எனக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கைமணம் கைமணம் என்று சொல்லியே ஒரு மனிசியை அடுப்போடு கட்டிப் போட்டிருக்கிறார்கள்.

வெல்லவாய தாண்டியதும் ஏற்றம். எல்லவுக்குப் போகும் அந்த வீதியில் சுமார் இருபது கிலோமீற்றர் ஏறினால் அருவி, வீதியோரத்திலேயே விழுகிறது. வேனை விட்டு இறங்கினாலே போதும், நடக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் வேன் அருவி வரை போகவில்லை. 10.50க்கு, ஒரு வளைவுக்கு முன்னால் சாரதி ஜெகன் நிறுத்தினார். மேலே அடுப்பு மூட்ட விடமாட்டார்களாம். இங்கே தட்டையான இடமும் தண்ணீர்க் குழாயும் இருந்தன. வளைவுக்கு அந்தப் பக்கம், முந்நூறு மீற்றரில் அருவி. சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது.

மச்சாள் பெட்டியோடு இறங்கி நின்று காது கொடுத்தார். "நம்மட கடல் இரையிற மாதிரியே இரிக்கு, என்ன?" என்றார்.

ஆண்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்கள். கூட வந்த இரண்டு பெண்கள் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனார்கள். நண்டுக் கறியை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. உப்பு, புளி, கடைசியில் போடுகிற முருங்கை இலை எல்லாம் மச்சாளின் கணக்கு. நான் பக்கத்தில் நின்று தேங்காய் துருவினேன். பதினொன்றே முக்காலுக்கு அவரே சொன்னார்: "நீ போய்ப் பாத்திட்டு வா புள்ள. கட்டுரை எழுதிறவள் நீதானே."

"பத்து நிமிசத்தில வந்து அடுப்பைப் பாக்கிறன். பிறகு நீங்க போங்க."

போனேன். அங்கே கண்டதைப் பிறகு சொல்கிறேன். நூற்றைம்பது ரூபாவுக்கு அவித்த சோளப்பொத்தி ஒன்று வாங்கிக் கடித்துக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு நின்றேன். பின்னால் அண்ணனின் கூட்டாளி ஒருவர், "வாங்க, சோறு இறக்கியிருப்பா" என்று கூப்பிட்டபோதுதான் மணியைப் பார்த்தேன். ஒன்று ஐந்து. பத்து நிமிடம் என்று சொல்லிப் போனவள் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே நின்றிருக்கிறேன். அண்ணனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

ஓடி வந்தேன். எனக்கு முன்னால் ஆண்கள் வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். "பூமணி, சோத்தப் போடு. பசி உசிர் போகுது" என்றார் அண்ணன். மச்சாள் என்னைப் பார்த்தார், அகப்பையை எடுத்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பத்துப் பேரும் தின்ற பிறகு நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டார்.

2.25. சட்டி பானைகளை அவர் கையிலிருந்து பறித்தேன். "நான் கழுவுறன். நீங்க போங்க மச்சாள். இப்பவே போங்க."

"அடிப்பிடிச்ச கரி போகாது புள்ள..."

"கரி கிடக்கட்டும்! போங்க!"

நான் கத்திய கத்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் சேலையை உதறிவிட்டு, தலைமுடியைக்கூட ஒரு தடவை ஒதுக்கிவிட்டு, வளைவை நோக்கி நடந்தார். சட்டியைத் தேய்த்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். முப்பது நாற்பது அடி போயிருப்பார். இன்னும் கொஞ்சம் நடந்தால் வளைவு.

"பூமணி! என்ட காஞ்ச சாரனை எங்க வச்ச?"

அண்ணன். இன்னும் ஈரத் துண்டோடுதான் நின்றார். வீட்டிலிருந்து வரும்போது எந்தப் பையில் தன் உடுப்பு இருக்கிறது என்று தெரியாத ஐம்பத்தாறு வயது ஆள். "நில்லாதங்க, நடங்க!" என்று நான் கூவினேன். மச்சாள் திரும்பி வந்துவிட்டார். பச்சைப் பைக்குள், அண்ணனின் மாத்திரைப் பெட்டிக்குக் கீழே சாரன் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். கையிலிருந்த சட்டியை நான் நிலத்தில் அடித்தேன், கைப்பிடி கழன்றுவிட்டது. அண்ணன், "என்ன பேய்க்குணம் இது?" என்றார்.

ஜெகன் ஹோர்ன் அடித்தார். "அக்கா, இப்ப வெளிக்கிட்டாத்தான் இருட்ட முதல் மகா ஓயா தாண்டலாம். இருட்டினா அங்க யானை ரோட்டில நிக்கும்."

திரும்பும் வழி எல்ல, பதுளை, பிபிலை. ஆகவே வேன் அருவியைக் கடந்துதான் போக வேண்டும். மச்சாளை ஜன்னலோரம் இருத்தினேன், கண்ணாடியையும் நானே துடைத்தேன். "ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்க தம்பி" என்று ஜெகனிடம் கெஞ்சினேன்.

வளைவைத் திரும்பினோம். ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நாலு சுற்றுலாப் பஸ்கள் நின்றன. நிறுத்த இடமில்லை. பொலிஸ்காரர் விசில் ஊதிக் கையைக் காட்டினார், பின்னால் லொறி ஒன்று கத்தியது. ஜெகனைக் குறை சொல்ல முடியாது. மச்சாள் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பஸ்களின் பக்கவாட்டுத் தகரத்தையும் அவற்றில் ஒட்டியிருந்த படங்களையும் பார்த்தார். கடைசிப் பஸ் முடிந்த இடத்தில் பாறை தொடங்கிவிட்டது.

"விடு புள்ள" என்றார். "சத்தம் கேட்டன்தானே." பசறைக்கு வருமுன் கண்ணாடியில் தலை முட்ட முட்டத் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அயல்வீட்டு ராணி கேட்டது என் காதில் விழுந்தது. "அருவி எப்பிடி மச்சி?"

"அதென்னகா சொல்லிற. நம்மட கடல்தான், ஆனா ஓயவே ஓயாது. ஒரு கணம்கூட நிக்காது." மச்சாள் சந்தோசமாகத்தான் சொன்னார். அவரிடம் இனி ஒரு வாக்குக் கொடுக்க எனக்கு வாயில்லை. ஒரு சோளப்பொத்திக்கும் ஒரு கட்டுரைக்கும் அவருடைய நேரத்தைத் தின்றவள் நான்.

அங்கே கண்டதைப் பிறகு சொல்வதாக எழுதியிருந்தேன். உயரம், நிறம், பாறையில் தண்ணீர் பிரிகிற இடம், எல்லாம் குறிப்புப் புத்தகத்தில் மூன்று பக்கத்துக்கு இருக்கிறது. அதில் ஒரு வரியும் இங்கே வராது. மச்சாளுக்குக் கிடைத்தது சத்தம் மட்டும். உங்களுக்கும் அவ்வளவுதான்.