எதிர்க்கட்சிக்காரி

பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் அவளுக்கு வேலை. முழு வேலை என்று சொல்லிவிட முடியாது. பகுதி நேர ஆய்வு உதவியாளர். காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். "தத்துவத்துல என்னம்மா ஆராய்ச்சி? சோதனைக்கூடமெல்லாம் உண்டா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "இருக்கே, பேராசிரியர் மண்டைக்குள்ள" என்பாள். அதற்கு மேல் யாரும் தோண்டிக் கேட்டதில்லை.

துறை இரண்டாவது மாடியில், கணிதத் துறைக்கும் கழிவறைக்கும் நடுவில் இருந்தது. தனி அறைக்கெல்லாம் எங்கே போவது? பேராசிரியரின் அறை மூலையில் ஒரு மேசை. அதில் பாதியைப் பழைய விடைத்தாள் கட்டுகள் பிடித்துக்கொண்டன, மீதிப் பாதி அவளுக்கு. அங்கே உட்கார்ந்து அவர் எழுதுகிற புத்தகத்தின் அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும். மனிதர் பெரிய படிப்பாளிதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு புத்தகத்து வரியை இன்னொரு புத்தகத்தின் தலையில் கட்டிவிடுவார். நூலகத்தில் குட்டை ஏணியில் ஏறி, தும்மிக்கொண்டே சரியான பக்கத்தைத் தேடிப் பிடிப்பது அவள் பாடு.

அது பாதி வேலை. இன்னொரு பாதிதான் அவளுக்கு உயிர். மனிதர்கள் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் புத்தகம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும், பேராசிரியரை மறுக்கிற ஒருவர் என்னவெல்லாம் சொல்வார் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏனோதானோ என்று எழுதினால் தாள் அப்படியே திரும்பி வரும்.

"சோப்ளாங்கி ஒருத்தனக் கொண்டுவந்து நிறுத்தி, அவன அடிச்சுட்டு நான் மார் தட்டிக்கணுமா?" என்பார் பேராசிரியர். "எதிராளி இதப் படிச்சா, 'என்னாலகூட இவ்வளவு நல்லா சொல்ல முடியாதே'ன்னு அசந்து போகணும். அப்புறம்தான் நம்ம பதில்."

முதலில் மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் செய்தாள். போகப் போகக் கை வந்தது. வந்தது அலுவலகத்தோடு நின்றதா என்றால் அதுதான் இல்லை. காய்கறிக் கடையில் பேரம் பேசப் போய், கடைக்காரர் பக்கத்து நியாயத்தை அவளே எடுத்துச் சொல்லி, அவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருவாள். கணவனோடு சண்டை என்றால் இன்னும் கூத்து. "உங்க பக்கம் இருந்து பார்த்தா..." என்று ஆரம்பிப்பாள். கேட்டு முடித்ததும் அவன், "ஆங், அதேதான்!" என்று எழுந்து போய்விடுவான். துறையில் அவளுக்கு எதிர்க்கட்சி என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் அசடு, பெருமையாகத் திரும்பிப் பார்க்கும்.

அம்மா போன பிறகு அப்பா அவளோடுதான் இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, மகளுக்காகக் காத்திருப்பார். அவள் வந்ததும் தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எதிராளி என்ன சொன்னான்?" என்று கேட்பார். அவள் எல்லாவற்றையும் சொல்வாள். "அந்த ஆளு சொல்றதுதாம்மா எனக்குச் சரியாப் படுது, உங்க பேராசிரியர் சும்மா சுத்தறாரு" என்று வேண்டுமென்றே சீண்டுவார். பிறகு இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்துக்காகவே அவள் படியேறி வருவாள். சொல்லப்போனால், அவளுடைய நாளில் அவளுக்கென்று இருந்தது அதுதான்.

அப்படியிருக்க, அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, கணுக்கால் மட்டும் வீங்கியது. சேதி கேட்டு வெளியூரிலிருந்து தம்பி வந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், அப்பாவை வைத்துக்கொண்டே இழுத்தான்.

"அக்கா, அப்பாவ நான் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு... அதாவது... நீ என்ன சொல்ற?"

அப்பாவை அனுப்புவதா? செத்தாலும் மாட்டாள். ஒரே வார்த்தை, "முடியாது" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை.

"இருடா. முதல்ல நீ சொல்ல வர்றத நான் சரியாச் சொல்லிடறேன்" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இங்க மாடி வீடு. உன்னுது தரைத்தளம். நான் வேலைக்குப் போனா அப்பா தனியா இருக்கார். விழுந்தா தூக்க ஆளில்ல. உன் வீட்டுல எப்பவும் ஒரு ஆள் இருக்கு, ஆஸ்பத்திரியும் எதிர்லயே. உன் பசங்களுக்குத் தாத்தான்னா போன்ல வர்ற குரல், அவ்வளவுதான். அவங்களுக்கும் அவர்மேல உரிமை இருக்கில்ல? இத்தனைக்கும் மேல, அப்பாவ நான் இங்க வச்சுக்கறது அவருக்காகவா, என் ஆசைக்காகவான்னு யாராவது கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

கடைசி வாதம் பேசும்போதே பிறந்தது. நன்றாக வந்துவிட்டது என்று அவளுக்கே ஒரு திருப்தி. இனி பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்க டம்ளரை எடுத்தாள். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"சரிம்மா. நீ சொல்றதுதான் நியாயம். நாளைக்கே கிளம்பிடறேன்."

"அப்பா, நான் இன்னும் முடிக்கலப்பா."

"அதான் முடிச்சிட்டியே. இதுக்கு மேல என்ன இருக்கு?" என்று நொண்டியபடி உள்ளே போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பதிலை உருப்படியாகச் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கப் போய்விட்டாள். யோசிக்க யோசிக்க எதிர்வாதம்தான் மலையாக நின்றது. தன் பக்கம் இருந்ததெல்லாம் ஒரு ஆசை மட்டும். ஆசையை ஒரு காரணமாகச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அப்பா ஏறி உட்கார்ந்தார். டிக்கியில் பெட்டியை வைத்த தம்பி அவளை ஓரமாக இழுத்தான்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணின? 'போடா, அனுப்ப முடியாது'ன்னு நீ விரட்டுவேன்னு நம்பித்தானே வந்தேன்! பெத்த பையன் ஒரு வார்த்தை கூப்பிடலைன்னு நாலு பேர் பேசக்கூடாதேன்னு கேட்டேன். அவருக்கு அங்க பொழுதே போகாது, உனக்குத் தெரியாதா? நீ அவ்வளவு பேசினதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்னு சொல்றது?"

அவள் நேராகப் போய்க் கார்க் கதவைத் திறந்தாள்.

"அப்பா, இறங்குங்க."

"ஏம்மா, எதையாவது மறந்துட்டேனா?"

"இல்ல. நீங்க போக வேணாம். இறங்குங்க."

"நேத்து அத்தன சொன்னியே, அதுக்கெல்லாம் என்ன பதில்?"

"ஒரு பதிலும் இல்லப்பா. நீங்க போனா என்னால தாங்க முடியாது."

அப்பா இறங்கவில்லை. முன் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபம் வந்ததே பார்க்கணும்!

"இத நேத்தே சொன்னா வாய் வலிச்சுடுமா உனக்கு? அவன் பாவம், ஒரு வரி கேட்டான். நீ ஒண்ணொண்ணா எடுத்து அடுக்கின. என்னை அனுப்பறதுக்கு இவ்வளவு காரணம் வச்சிருக்காளே, எத்தன நாளா மனசுல போட்டு வச்சிருந்தாளோன்னு ராத்திரி பூரா நான் கண்ண மூடலடி."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவென்றும் பாராமல் அழுதாள்.