சும்மா கிடைத்த ராஜ்ஜியம்

போன வாரம் அருள்புரத்தில் வண்டியை சர்வீஸுக்கு விட்டேன். செயினைத் தொட்டதில் கையெல்லாம் கிரீஸ். மெக்கானிக் பனியன் வேஸ்ட் துணி ஒன்றை நீட்டினார். நான் துடைக்கவில்லை. முதலில் திருப்பிப் பார்த்தேன்.

"ஏனுங்க, துணிக்குள்ள பாம்பா இருக்குது?" என்றார்.

இருந்தாலும் இருக்கும். எனக்கு அது பழைய பழக்கம்.

எண்ணெயும் புதுப் பனியனும் கலந்த அந்த வாசனை என்னை வேலம்பாளையத்து எம்ப்ராய்டரி யூனிட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. அங்கே நான் மெஷின் ஆப்பரேட்டர். சிராஜ் பாய்க்குப் பஞ்சிங் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்றுவது. அவர் அறையில் இரண்டு கம்ப்யூட்டர்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விளையாட்டைக் காட்டினார். ஊர் கட்ட வேண்டும். ஆள் விட்டு மரம் வெட்டி, கல் உடைத்து, படை சேர்க்க வேண்டும். முறை வைத்து ஆடுவதில்லை. நாம் யோசிக்கிற நேரத்தில் எதிராளி வேல் தீட்டிக்கொண்டிருப்பான்.

"என்ன வெலைங்க பாய்?"

"சும்மா."

"திருட்டு காப்பிங்களா?"

"இல்லீங்க பங்காளி. செஞ்சவங்களே சும்மா குடுக்கறாங்க. உள்ள எழுதுன புரோகிராமையும் தொறந்து வெச்சிருக்காங்க. யாரு வேணா பாக்கலாம், மாத்தலாம்."

எங்கள் பனியன் ஊரில் ஒருவன் சும்மா நூல் கொடுத்தால் அது சாயம் நிற்காத நூல். அடுத்த மாடிக்குச் சாம்பிள் கொண்டுபோனாலும் டிசைன் தெரியாமல் பேப்பர் சுற்றித்தான் கொண்டுபோவோம். திறந்து வைக்கிறவனுக்கு என்ன லாபம்? பாய்க்கும் தெரியவில்லை. "ஒரு பிரியந்தானுங்க" என்றார். நம்பவில்லை. ஆனால் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்து அவரோடு ஆடினேன்.

அதில் நாம் போகாத இடமெல்லாம் கருப்பாகக் கிடக்கும். அது எனக்குப் பிடித்தது. வீடு கட்டும் முன்பே வேவுக்கு ஆள் அனுப்பிவிடுவேன். "உங்க ஊர்ல எல்லாரும் போலீஸுங்க. சோறாக்க ஆளக் காணோம்" என்பார் பாய். வரைபடத்தில் மேல் மூலைதான் அவர் இடம். கூட்டாளியாகச் சேர்ந்து ஆடும்போதும் அந்த மூலையில் ஓர் ஆளை நிறுத்தி வைப்பேன். பார்ப்பார். ஏன் என்று கேட்டதில்லை.

அப்போது ஒரு பையருக்கு மான் தலை டிசைன் போனது. ஆர்டர் உறுதியாகும் முன்பே அதே மான் இதே ஊர் ராயபுரத்தில் வேறொருவர் சாம்பிளில் வந்தது. கொம்புத் தையலில் பாய் விட்ட இடைவெளி உட்பட.

முதலாளி பாய் அறைக்கு வந்தார். திரையில் நாங்கள் கட்டிய ஊர் ஓடிக்கொண்டிருந்தது.

"இது வழியாத்தான் போச்சா?"

"இல்லீங்க. இது நெட்டுல போறதில்லீங்க, இந்த ரெண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒயர் மட்டுந்தானுங்க. வேணும்னா உள்ள எழுதுனத நீங்களே பாருங்க."

திறந்து காட்டினார். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. முதலாளி பார்த்தார். நானும் பார்த்தேன். திறந்திருந்து என்ன, படிக்கத் தெரிந்த ஆளில்லை.

"நாளைக்கு வர வேண்டாமுங்க" என்றார் முதலாளி பாயிடம். எப்போதும் 'வாப்பா, போப்பா' என்பவர்.

டிசைனை விற்றவன் என்று பேர் விழுந்தால் இந்த ஊரில் எந்த யூனிட்டிலும் கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார்கள். பாய்க்கு வேறு தொழில் தெரியாது. எனக்கும் சந்தேகம் இருந்தது. பாய் மேல் இல்லை. அந்த விளையாட்டின் மேல்.

இரண்டு நாள் கழித்து மெஷின் துடைக்கக் கடையில் வாங்கிய வேஸ்ட் மூட்டையைப் பிரித்தேன். ஒரு துண்டில் பாதி நங்கூரம். நாங்கள் நங்கூரமே போட்டதில்லை. டிசைன் சரியாக வருகிறதா என்று யாரோ டிரையல் ஓட்டிய துணி. அப்போதுதான் உறைத்தது. சாம்பிளுக்குப் பேப்பர் சுற்றினோம். டிரையல் துணியைக் கட்டிங் வேஸ்ட்டோடு மூட்டை கட்டி நாங்களே விற்றோம். மானும் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

நங்கூரத் துண்டை முதலாளி முன் வைத்து விவரம் சொன்னேன். வெகுநேரம் தடவிப் பார்த்தார்.

"பாய வரச் சொல்லுப்பா."

பாய் வந்தார். வந்ததும் விளையாட்டை அழித்தார். ஒயரைச் சுருட்டி மேசைக்குள் போட்டார்.

"சும்மா வந்ததுதானுங்களே, இருந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"வந்தது சும்மாதானுங்க. வெச்சிருக்கத்தான் கட்டுபடி ஆகல."

அந்த யூனிட் இப்போது குடோன். பாய் மகளோடு வெளியூர் போய்விட்டார். வண்டி எடுத்து வந்த அன்று லேப்டாப்பில் தேடினேன். விளையாட்டு இருக்கிறது. இன்னும் சும்மாதான் தருகிறார்கள். எதற்கு என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

எதிராளியாகக் கம்ப்யூட்டரையே வைத்து ஆடினேன். பழக்கத்தில் பாயின் மேல் மூலைக்கு ஓர் ஆளை அனுப்பினேன். கருப்பு விலகியது. அங்கே மரம் மட்டும் நின்றது.

ஆளைத் திரும்பக் கூப்பிடவில்லை.