நான்கு விரல் மண்ணீரல்

1958 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி. திருப்பதியில் தூறல். என் மார்பெலும்பில் குத்திய ஊசியை டாக்டர் மூன்று தடவை இழுத்தார். மூன்று தடவையும் ஒன்றும் வரவில்லை.

அதற்கு முன் ஆறு மாதம் களைப்பு, இடது விலாவின் கீழ் ஒரு பாரம். எங்கள் ஊரான நகரியில் மலேரியா என்று மருந்து கொடுத்தார்கள்.

ஊசி வெறுமையாக வந்ததால், இடுப்பெலும்பில் சிறு துண்டு எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: மைலோஃபைப்ரோஸிஸ் (ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையில் தழும்பு படிவது). அடியோடு தீர்க்க மருந்தில்லை. சோகை மிஞ்சும்போது ரத்தம் ஏற்றிக்கொண்டு பல வருடம் இருக்கலாம் என்றார் டாக்டர். மண்ணீரல் (வயிற்றின் இடப்பக்க உறுப்பு) வீங்கி, விலாவுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது. மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வீடு திரும்பிய நான்காம் நாளே என் மனைவி கனகம்மாளை அளக்கச் சொன்னேன். நானே அளந்தால் வயிறு இறுகிவிடுகிறது.

"ஊரு ஆந்திராவுக்கா மெட்ராசுக்கா போவும்னு அதிகாரிங்க அளந்துகினு கீறாங்க. நீங்க வயித்த அளந்துகினு கீறீங்க" என்றபடி கை வைத்தாள். "அஞ்சு."

நான்கு நாளில் ஒரு விரல். தொப்புளைத் தொட்டால் என் கதை முடிந்தது; அதற்கு இன்னும் மூன்று விரல். பன்னிரண்டு நாள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் திருப்பதி போனோம். மண்ணீரலை வெட்டி எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னேன்.

அவர் தெலுங்கர். நிதானமாக அளந்தார். "நாலுதான் மாஸ்டாரு. அஞ்சு சொன்னது யாரு?"

கனகம்மாள் கையை நீட்டினாள். அவர் தம் தடித்த கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவளது ஐந்து விரல் அகலம் அவருடைய நான்கு விரல் அகலம்.

"முப்பத்தாறு வருசம் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவரு, டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரித்து ஓய்ந்தபின் சொன்னார்: "எலும்புல ஊறவேண்டிய ரத்தம் கொஞ்சம் இப்ப மண்ணீரல்லதான் ஊறுது. வேல செய்ற வாத்தியார அனுப்பிட்டா கிளாஸ யாரு பாத்துக்கறது?"

இந்த நோயோடு இருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்றுதான் சொல்ல முடியும். எப்போதும் ஒரே கை அளக்கட்டும்.

அந்தப் பன்னிரண்டாம் நாள் கழிந்து இன்றோடு ஐந்நூற்று நாற்பத்தாறு நாள். ஏழு தடவை ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். டாக்டர் விரலிலேயே மண்ணீரல் இப்போது ஐந்து. காலையில் விழித்ததும் விலாவின் கீழ் கை வைக்கிறேன். முன்பு நான் திட்டிய அந்தப் பாரம், எனக்காக வேலையில் இருக்கிறது. இருக்கப்போகும் நாட்களை எண்ணுவதில்லை. இருந்த நாட்களை மட்டும் எண்ணுகிறேன்.

கைகளை ஒப்பிட்ட அன்று டாக்டர் காசு வாங்கவில்லை. திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். பஸ், காபி, தேங்காய் எல்லாம் சேர்த்து, கனகம்மாளின் மெலிந்த விரல்களால் எனக்கு ஆன செலவு ஐந்து ரூபாய் எழுபத்திரண்டு நயா பைசா.