ஜப்பானில் ஒரு தம்பிக்குக் கால் ஏலாது

ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் போதகர், ஜெப விண்ணப்பங்கள் ஏதும் உண்டோ என்று கேட்பார். ஒருவர் எழும்பி விசாவைச் சொல்வார். ஒருவர் முழங்காலைச் சொல்வார். ஒருவருடைய மகன் கார் ஓடுகிற சோதனையில் திரும்பவும் கோட்டை விட்டிருப்பான். ஒக்லாந்தில் யார் வீட்டில் என்ன குறை என்று அறிய இதைவிட நல்ல இடம் கிடையாது. ஜெபிக்கும்போது நாங்கள் கண்ணைத்தான் மூடுவோம், காதை மூடுவதில்லை.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நானும் எழும்பி நின்றேன்.

“ஜப்பானில ஒரு தம்பி இருக்கிறார், பாஸ்டர். கால் ஏலாது. வாற கிழமை அவருக்கு ஒரு பெரிய போட்டி. அதில தெரிவாகவேணும்.”

“சொந்தமோ அம்மா?”

“தெரிஞ்ச பிள்ளை,” என்றேன்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். எனக்கு வெலிங்டனில் கலியாணம் கட்டாத ஒரு மகள் இருக்கிறாள், வயது முப்பதைத் தொடப்போகிறது. இது அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத்தான் அது ஞாபகம் வரவில்லை.

தம்பி யாரென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பனித்தளத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் ஆடுகிறவர்களில் ஒருவர். பெரிய பெயர் எடுத்தவர் இல்லை. எனக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனுசன் இன்றைக்கும் கேட்பார். நான் நியூ லின் மாலில் ஆல்டரேஷன் கடையில் வேலை செய்கிறேன். காற்சட்டை நீளம் குறைப்பது, ஸிப் மாற்றுவது, கலியாண உடுப்பை இறுக்குவது, இதுதான் என் பிழைப்பு. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரத் தாய் தன் மகளின் ஸ்கேட்டிங் உடுப்பைத் தைக்கக் கொண்டுவந்தாள். ஒரு கைக்குள் அடங்குகிற துணி, அது முழுக்கக் கல். இதைப் போட்டுக்கொண்டு சுழன்றால் எப்படிக் கிழியாமல் இருக்கிறது என்று பார்க்கத்தான் அன்று போனில் தேடினேன். துணியைப் பார்க்கப் போனவள் ஆட்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அப்படித்தான் ஜப்பானின் தேசியப் போட்டியில் போய் விழுந்தேன். வேறு நாட்டில் பிறந்திருந்தால் முதலாம் இடம் வரக்கூடியவர்கள் அங்கே இருபதாம் இடத்துக்கு முக்குகிறார்கள். முதல் ஆட்டத்தில் இருபத்துநாலாவது இடத்துக்குள் வந்தால்தான் இரண்டாவது பெரிய ஆட்டத்தை ஆடவிடுவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் போக ஏ.எல். சோதனை எழுதிய எனக்கு வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

என்னுடைய ஆள் எப்போதும் அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான் நிற்பார். பகலில் ஏதோ அலுவலகத்தில் வேலை, மற்ற நேரத்தில் பனி. பல வருடமாக ஒரே நீலச் சட்டை. ஒரு வருடம் பார்த்தால் அதன் பக்கத் தையலைப் பிரித்துப் பெருப்பித்திருந்தது. பழைய தையல் கிடந்த கோடு திரையிலேயே எனக்குத் தெரிந்தது. ஆளுக்கு வயிறு கொஞ்சம் போட்டுவிட்டது, புதுச் சட்டைக்கு வழியில்லை, ஆனாலும் துள்ளுகிறார். அன்றிலிருந்து அவர் என் பிள்ளை.

இந்தமுறை அவருக்குக் கணுக்காலில் காயம். இதுதான் தன் கடைசிப் போட்டி என்று பேட்டியில் சொன்னதை மகள் மொழிமாற்றிப் படித்துக் காட்டினாள். கடைசியாக ஒருதரம் அந்தப் பெரிய ஆட்டத்தை ஆடிவிட்டுப் போகவேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசையாம். அதனால்தான் சபையில் எழும்பினேன்.

செவ்வாய்க்கிழமை பாடகர் குழுவை நடத்துகிற அக்கா எனக்குப் போன் எடுத்தா. மன்னார்க்காரி. அவவுடைய குரல் இரண்டு வீடு தள்ளியும் கேட்கும், மனசு அதைவிடப் பெரிசு. ஆனால் தனக்குப் பெண்பிள்ளை இல்லாததாலோ என்னவோ, என் மகளின் கலியாணத்தைத் தன் சொந்த அலுவலாக எடுத்து வருடக்கணக்கு ஆகிறது.

“ஏன் பிள்ளை, ஜப்பான்காரருக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளுமோ?”

“எனக்கெப்பிடியக்கா தெரியும்?”

“அப்ப இன்னும் வீட்டுக்கு வந்து சாப்பிடேல்லை.”

“ஆர்?”

“சரி சரி. சொல்ல விருப்பமில்லாட்டி விடு. நான் ஜெபிக்கிறன்.”

வியாழக்கிழமை மனுரேவாவில் மளிகைக் கடைக்குப் போனேன். அங்கே ஒருத்தி என் தள்ளுவண்டியை மறித்து, “மாப்பிள்ளை பகுதியும் எங்களைப்போல வேதக்காரரோ?” என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து கைப்பையைக் கழற்றமுதல் மகள் போன் எடுத்தாள்.

“அம்மா, ஹூ ஆம் ஐ மேரியிங்?”

நடந்ததைச் சொன்னேன். மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். அக்கா அவளுக்கும் மெசேஜ் அனுப்பியிருந்தாவாம். இவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? ‘ஹீ இஸ் வெரி நைஸ், பட் பிஸி’ என்று பதில் போட்டிருக்கிறாள்.

“ஏனடி அப்பிடிப் போட்டனீ?”

“ஷீ ஸ்டாப்ட் ஆஸ்கிங், அம்மா!”

அக்கா கலியாணம் எப்போது என்று கேட்பதை நிறுத்தியது அவளுக்கு அவ்வளவு நிம்மதி. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடு என்றார் என் மனுசன். சொல்வது அவருக்கு லேசு. முன்பின் தெரியாத ஒருவர் பனியில் துள்ளுவதற்காகச் சபையையே கண்மூட வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அன்றைக்கு ஒருவருடைய கான்சருக்கும் இன்னொருவருடைய விசாவுக்கும் நடுவில் அல்லவா அவரைச் செருகியிருந்தேன்.

போதாக்குறைக்கு அவர் முதல் ஆட்டம் ஆடுகிற அதே நாளில்தான் எங்கள் வீட்டுக்குக் கரோல் வருகிற முறை. ஜப்பானைவிட எங்களுக்கு நாலு மணித்தியாலம் முன்னுக்கு. அவர் பனியில் இறங்கும்போது இங்கே பின்னேரம் ஆறு மணி தாண்டியிருக்கும். நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் கரோல் குழு சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ரோல்ஸ், கேக், தேத்தண்ணி எல்லாம் முடித்துத்தானே கிளம்புவார்கள். ஆறு மணிக்கு வரச் சொன்னால் எட்டு மணிக்கு வருவார்கள். அதற்குள் நான் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறக்கலாம்.

ஆறு அடிக்கமுதல் வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆட்கள்.

“நேரத்துக்கே வந்திட்டியள்?” என்றேன்.

“மற்ற வீடுகளைப் பிறகு பாப்பமெண்டு நேரா இஞ்ச வந்தனாங்கள்,” என்றா அக்கா. சொல்லும்போதே அவவுடைய கண் சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாக மேய்ந்தது. பின்னால் போதகர். அவருக்குப் பின்னால் நத்தார் தாத்தா. ஈஸ்ட் டாமாக்கியில் வேலை செய்கிற நாகர்கோவில் தம்பிதான் அந்தக் கிறிஸ்மஸ் தாத்தா வேடம். ஒக்லாந்தின் மார்கழிக் கோடை வெயிலில், நான் தைத்துக் கொடுத்த சிவப்பு உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தான்.

டிவியை நான் நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தேன். அவர்கள் கிற்றாரும் கஞ்சிராவுமாகப் பாடத் தொடங்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்தியாக நின்றேன், கண் மட்டும் திரையில். இரண்டாவது சரணத்தில் நீலச் சட்டை பனியில் இறங்கியது.

“நிப்பாட்டுங்கோ!” என்று கத்திவிட்டேன்.

பாட்டு அறுந்தது. எல்லோரும் என் கண் போன திசையில் திரும்பினார்கள்.

“இவர்தானோ?” என்றா அக்கா, மெல்லிய குரலில். அவவுக்கு மெல்லிய குரல் இருப்பது அன்றுதான் தெரியும். “மாப்பிள்ளை டான்ஸ் ஆடுறவரோ?”

“மாப்பிள்ளை இல்லையக்கா.”

“தெரிஞ்ச பிள்ளை எண்டனீ?”

“எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது.”

என் மனுசன் ரோல்ஸ் தட்டோடு குசினி வாசலிலேயே நின்றுவிட்டார். போதகர் தொண்டையைச் செருமினார். என் முகம் எரிந்தது. ஆனால் அங்கே அவருடைய இசை தொடங்கிவிட்டது. வெட்கப்பட எனக்கு நேரமில்லை. சத்தத்தைக் கூட்டினேன்.

முதல் துள்ளலிலேயே விழுந்தார். ஏலாத அந்தக் காலில்தான்.

“இயேசுவே!” என்று ஒரு குரல் வீட்டை அதிரவைத்தது. அக்காதான். டிவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, “எழும்பு தம்பி! எழும்பு!” என்றா. அவர் எழும்பினார். மிச்சத்தை ஒன்றும் விடாமல் ஆடி முடித்தார். முடிவில் குனிந்து வணங்கியபோது ஒரு காலைப் பனியில் முழுதாக ஊன்றாமல் நின்றதை நான் கண்டேன்.

“அக்கா, அவர் எங்களுக்கு ஒருத்தருமில்லை,” என்றேன். இனியாவது நேர்மையாக இருப்போம் என்று.

அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் அரை அடி பின்னால் போனேன். “காலமை பின்னேரம் அந்தக் காலுக்கு ஜெபிச்சனான். உபவாசமும் இருந்தனான். இனி அவர் ஆரெண்டால் எனக்கென்ன? பாஸ் பண்ணிற்றாரோ இல்லையோ, அதைச் சொல்லு!”

புள்ளி வந்தது. இருபத்துமூன்றாம் இடம். ஆட இன்னும் மூன்று பேர் மிச்சம். அவர்களில் இரண்டு பேர் இவரை முந்தினால் இவர் வெளியே. அதைச் சொன்னதும் எல்லோரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கரோலுக்குக் காத்திருந்த மற்ற வீட்டுக்காரர்கள் போன் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் போனைத் தொடவில்லை.

முதலாவது ஆள் நல்ல கெட்டிக்காரன், வந்த வேகத்தில் முந்திவிட்டான். இவர் இருபத்துநாலுக்கு இறங்கினார். அடுத்தவர் பனியில் இறங்கும்போது யாரோ முணுமுணுவென்று ஜெபிக்கத் தொடங்கினார்கள். போதகர் கையை உயர்த்தினார்.

“மற்றவை விழவேணுமெண்டு ஜெபிக்கிறது சரியில்லை.”

“விழ வேணாம் பாஸ்டர்,” என்றான் நத்தார் தாத்தா, தாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு. “லேசா தடுமாறினா போதும்.”

போதகரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் லேசாகத்தான் தடுமாறினார், அது போதுமாக இருந்தது.

கடைசியாக வந்தவன் மீசை அரும்பாத பொடியன். முதல் தடவையாகத் தேசியப் போட்டிக்கு வந்தவனாம். துள்ளித் துள்ளி ஒன்றும் பிசகாமல் ஆடினான். இன்னும் ஒரே ஒரு துள்ளல்தான் மிச்சம். அதில் வழுக்கிப் பலமாக விழுந்தான்.

“ஸ்தோத்திரம்!” என்று அக்கா துள்ளி எழும்பினா. கஞ்சிரா கிலுங்கியது. நானும் கை தட்டினேன், யாரையோ கட்டிப்பிடித்தேன். என் ஆள் உள்ளே.

பிறகு, புள்ளிக்காகப் பயிற்சியாளரோடு உட்கார்ந்திருந்த அந்தப் பொடியனைக் காட்டினார்கள். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். வீட்டில் கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. அக்கா கையில் இருந்த கஞ்சிராவைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தா.

“இவனுக்கு ஆர் ஜெபிச்சது?” என்று கேட்டா.

போதகர் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு எழும்பினார். விட்ட இடத்திலிருந்து மிச்சச் சரணங்களைப் பாடிவிட்டு, ஆறிப்போன ரோல்ஸை ஒரு பையில் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எவ்வளவு பிந்திப் போய்ச் சேர்ந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

என் ஆள் தன் பெரிய ஆட்டத்தை ஆடினார். நான் வேலையில் நின்றேன், போனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். இரண்டாம் ஆட்டத்தில் கடைசி இடம். ஆனால் விழவில்லை, பக்கத் தையலும் தாங்கியது. முடிந்ததும் குனிந்து பனியைக் கையால் தொட்டார். நான் வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையில் ஒரு வெள்ளைக்காரரின் காற்சட்டையில் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஜெப விண்ணப்பங்கள் உண்டோ என்று போதகர் கேட்டதும், நான் எழும்பமுதல் அக்கா எழும்பினா.

“ஜப்பானில ஒரு சின்னப் பொடியன், பாஸ்டர். கடைசியில வழுக்கிப் போச்சு. நல்லா மனம் உடைஞ்சுபோனான். வாற வருசம் அவன் விழாமல் நிக்கவேணும்.”

இந்தமுறை போதகர் சொந்தமோ என்று கேட்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடினோம். என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள், சபைக்குப் புதிது, வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. ஜெபத்தின் நடுவில் என் காதருகே குனிந்தாள்.

“அந்த அக்காவுக்குக் கலியாணம் கட்டாத மகள் இருக்கோ?”

“ஓம், இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டேன்.