இரைச்சல் இல்லாத வானொலி

எங்கள் வீட்டு வளவுக்கு மேலால் உயரழுத்த மின்கம்பிகள் போயின. தூறல் விழுந்தால் கம்பிகள் இரையும், வானொலியும் கரகரக்கும். மின்சார சபையில் முறையிட்டால், அதைச் சோதிக்கிற மெலிந்த மனிதர் சைக்கிளில் வருவார். சிறிய வானொலியொன்றைக் காதோடு அணைத்து, கம்பிகளின் கீழே கண்களை மூடி நிற்பார்.

போரில் மின்சாரம் நின்றுபோனது; கம்பிகளின் இரைச்சலும் ஓய்ந்தது. ஒரு தூறல் மாலை, கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். தெருவால் போன அவரும் வந்து, வழக்கம்போலக் கண்களை மூடினார். குண்டு விழுந்த ஊர்களின் பெயர்கள் வந்தன.

"இப்ப வலு தெளிவாக் கேக்குது, அண்ணை," என்றேன்.

அடுத்து வந்தது அவருடைய ஊர்.

கண் திறக்காமலே, "ஓம். அந்த இரைச்சலே இருந்திருக்கலாம்," என்றார்.

இன்றும் வானொலி தெளிவாகக் கேட்டால், அடுத்து எந்த ஊரோ என்று ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.