ஓட்டுபவர் என்ற கட்டத்தில் எழுதிய பெயர்

1. கொழும்பிலிருந்து வந்த போன்

அந்தப் போன் வந்தபோது நான் ஃபைல்களுக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் ஹாஜியார் மத்தியான லுஹர் தொழப் போயிருந்தார். ஆபீஸில் வேறு ஆள் இல்லை. எனக்குப் போனில் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்துத் தடவை அடித்த பிறகுதான் எடுத்தேன்.

"சவரிமுத்து ஐயாவோட கார் இன்ஷூரன்ஸ் விஷயமா எடுக்கிறோம்," என்றது ஒரு பெண்பிள்ளையின் குரல். "நாங்க ஐயாவோட பேசிட்டோம். எல்லாம் சரின்னு ஏஜென்ட்கிட்ட சொல்லிடுங்க."

"யாரோட பேசினீங்க?"

"சவரிமுத்து ஐயாவோடதான். அவர் ஒருத்தர்தான் ஓட்டுவாராம். மகளுக்கு இன்னும் கை பதியலையாம், அதனால குடுக்க மாட்டேன்னு சொன்னார். அப்படியே பதிஞ்சாச்சு."

நான் போனை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். சவரிமுத்து ஐயா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. கோயிலில் அடக்கப் பூசைக்கு நானும் போயிருந்தேன்.

2. எப்படி அந்தப் பெயர் எழுதப்பட்டது

கண்டி டவுனில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஹாஜியார் பல கம்பெனிகளுக்கு ஏஜென்ட். அக்குறணைக்காரர். கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடத்தான் என்னைச் சேர்த்தார். பிறகு அவருக்கு முழங்கால் நோவு வந்து அடிக்கடி படி ஏறி இறங்க முடியாமல் போனதும், வாகனங்களைப் போட்டோ பிடிக்கும் வேலை என் கைக்கு வந்தது. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மீட்டர், வண்டிச் சட்டத்தில் பொறித்த செசி நம்பர். அப்புறம் விண்ணப்ப ஃபோம் நிரப்பும் வேலையும் வந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதுவேன். ஐடென்டிட்டி கார்டில் இருப்பதைக் கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக வைப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நம்பர்கூடப் பிழையானதில்லை.

அந்தப் போனுக்கு ஒன்றரைக் கிழமை, பத்துப் பதினொரு நாள், முன்னால் ரோசலினும் அவர் மகள் ஷாமினியும் ஆபீஸுக்கு வந்தார்கள். ரோசலின் சவரிமுத்து ஐயாவின் சம்சாரம். கலகெதரைப் பக்கம் மேட்டில் வீடு. ரோசலினுக்கு இரண்டு கிட்னியும் பழுது. கிழமைக்கு இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். த்ரீவீல் ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. பஸ்ஸில் வந்தால், திரும்பிப் போகும்போது மயக்கம். ஐயாவின் பழைய வெள்ளைக் கார் வீட்டில் சும்மா நின்றது. ஷாமினிக்குப் பதினெட்டரை வயது. லைசன் கையில் கிடைத்து மூன்று கிழமை.

"தேர்ட் பார்ட்டி போடுங்களன் மகள். மலிவுதானே," என்றார் ஹாஜியார்.

"அதுல அடுத்தவன் வண்டிக்குத்தானே அங்கிள் காசு வரும்? எங்க வண்டி ஒடஞ்சா அம்மாவ எதுல கூட்டிட்டு வர்றது? முதுகுலயா?"

பிள்ளை சொன்னது நியாயம். ஹாஜியார் போனை ஸ்பீக்கரில் போட்டு மூன்று கம்பெனிக்குப் பேசினார். "புது லைசன். வயசு பதினெட்டு" என்று சொன்னதும் அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு தொகை சொல்வார்கள். ஐயா கட்டியதைவிட இரண்டு மடங்கு, அதற்கும் மேல். காரணம் நோ கிளைம் போனஸ். வருஷக் கணக்கில் நஷ்டஈடு கேட்காமல் ஓட்டினவர்களுக்குக் கம்பெனி தரும் கழிவு அது. ஐயா ஒரு கீறல்கூட வைக்காத மனுஷன், அவருக்கு ஆகக் கூடிய கழிவு. ஷாமினிக்கு ஒன்றும் இல்லை.

ரோசலின் எழும்பிவிட்டார். "வாடி போவோம். நான் பஸ்ஸிலயே வர்றேன். விழுந்தா விழுந்த எடத்துல கெடக்கிறேன்."

"இரிங்க தங்கச்சி," என்று ஹாஜியார் பழைய ஃபைலை எடுத்தார். ஐயாவின் பெயரில் இருந்த இன்ஷூரன்ஸ் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அவர் இறந்தது கம்பெனிக்குத் தெரியாது. "இது அவர்ட பேர்லயே ஓடட்டும். ஓட்டுறது ஆருன்டு கேக்கிற எடத்துலயும் அவர்ட பேரையே போடுவம். மௌத்தான மனிசன் எங்க போய் முட்டப் போறார்?"

ஷாமினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உசுரோட இருக்கிறப்பவே அப்பா எனக்குச் சாவியத் தரல. இப்பயா தரப்போறாரு?"

"வாய மூடுடி," என்றார் ரோசலின்.

நான் ஃபோமை நிரப்பினேன். ஓட்டுபவர் என்ற கட்டத்தில் ஐயாவின் பெயரை எழுதினேன். போன் நம்பரையும் பழைய ஃபைலைப் பார்த்து எழுதினேன். பிழை என்று தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஷாமினி அப்பாவின் கையெழுத்தை வைத்தாள். பேனாவைத் தூக்கவே இல்லை, ஒரே இழுப்பு. வைத்துவிட்டுத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழகினது மாதிரி வந்துவிட்டது, ஆனால் தான் ஒருநாளும் பழகவில்லை என்றாள்.

போட்டோ எடுக்கக் கீழே போனோம். பக்கத்து வீட்டு வாத்தியார் துணைக்கு உட்கார, ஷாமினிதான் காரை ஓட்டிவந்திருந்தாள். அவள் என் தோள் உயரம்தான். ட்ரைவர் சீட்டோ கடைசிவரைக்கும் பின்னால் போயிருந்தது.

"இதுல இருந்து எப்படிம்மா ப்ரேக்க மிதிச்ச? எட்டாதே?"

"முன்னுக்கு இழுத்துப் போட்டுத்தான் அன்ட்டி ஓட்டினேன்," என்றாள். அப்பா உட்காருவது அவ்வளவு பின்னால்தான் என்று சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான் மீட்டரையும் செசி நம்பரையும் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

3. ஹாஜியார் கேட்ட குரல்

தொழுதுவிட்டு வந்த ஹாஜியாரிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"அந்த சிம்ம வேற ஆருக்கும் வித்திருப்பான் லூசியாம்மா. எவனோ வெளயாடிருக்கான்."

"மகள் இருக்கிறது அவனுக்கு எப்படித் தெரியும் ஹாஜியார்?"

அவர் கம்பெனிக்குப் போன் எடுத்தார். அங்கே பேச்செல்லாம் பதிந்து வைப்பார்களாம். போட்டுக் காட்டச் சொன்னார். அந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. காதில் அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயாவை அவருக்குப் பத்துப் பதினைந்து வருஷமாகத் தெரியும். போனை வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒரே மாதிரிக் கொரல் உள்ள மனிசர் எத்தன பேர் ஈக்கும்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ரோசலினுக்குப் போன் எடுத்தோம். ஐயாவின் போன் அலுமாரிக்குள் இருக்கிறதாம். அடக்கம் பண்ணின நாளிலிருந்து யாரும் சார்ஜ் போட்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் ரோசலின் பயப்படவில்லை. "அவருக்குப் புடிக்கல போல," என்றார், பக்கத்து அறையில் இருக்கும் ஆளைச் சொல்வது மாதிரி.

எனக்குப் பயம் வேறு இடத்தில். நாங்கள் எழுதினபடி வீட்டில் வேறு ஆளும் ஓட்டலாம். காரின் சொந்தக்காரர் ஒருத்தர் மட்டும் ஓட்டுவதாகப் பதிந்தால் கம்பெனி ப்ரீமியத்தில் இன்னும் கொஞ்சம் கழிக்கும். ஆனால் வேறு யாராவது ஓட்டி முட்டினால் ஐந்து சதக் காசுகூட வராது. ஷாமினி ஸ்டியரிங்கைத் தொட்டால் அந்தக் காருக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்று அர்த்தம். கலகெதரை ரோட்டில் எத்தனை வளைவு! பிள்ளை செவ்வாய்க்கிழமையிலிருந்து ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

"ஒண்டும் பேசாதீங்க லூசியாம்மா," என்றார் ஹாஜியார். "கம்பெனிக்கு இப்ப என்னத்தச் செல்ற? மௌத்தானவர் பொய் செல்லிட்டார்ன்டா? கொஞ்ச நாள் போகட்டும்."

பொய் சொன்னது அவர் இல்லை. நாங்கள். அதையும் நான் சொல்லவில்லை.

4. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை ஹாஜியார் ஜும்ஆவுக்குப் போனார். வெளியே நல்ல வெயில். கீழே புடவைக்கடையில் ஆட்கள் விலை பேசும் சத்தம் கேட்டது. நான் ஃபோமின் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, என் கையால் எழுதிய அந்த நம்பரை ஆபீஸ் போனில் அழுத்தினேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உயிரோடு இருக்கிற ஆட்களிடம் பேசத்தான் எனக்குக் கூச்சம் என்று நினைக்கிறேன்.

மணி அடித்தது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

பேச்சில்லை. மழைச் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் போய்ப் போய் வரும் சத்தம். அதோடு டிக், டிக், டிக். காரில் சிக்னல் போட்டால் உள்ளே கேட்குமே, அது. எங்கேயோ திரும்புவதற்காக ஒரு கார் நின்றுகொண்டிருக்கிறது. என் ஜன்னலில் வெயில் அடிக்கிறது.

"ஐயா," என்றேன். "நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருக்கிற லூசியா. உங்க பேர எழுதினது நான்தான். கேக்காம எழுதிட்டேன்."

டிக், டிக்.

"உங்க சம்சாரத்துக்கு ஒடம்பு முடியல. புள்ளதான் ஓட்டியாகணும். வேற ஆள் இல்ல. நல்லாத்தான் ஓட்டுது. நீங்க வேணாம்னு சொன்னா, எங்கயாவது முட்டினா அதுக்கு ஒண்ணும் கெடைக்காதுங்க. நான் உங்க பேர எடுத்துட்டு புள்ள பேரப் போடுறேன். சத்தியமா போடுறேன்."

சிக்னல் நின்றது. திரும்பி முடிந்தால் தானாக நிற்குமே, அப்படி. பிறகு மழையும் இல்லை. லைன் வெட்டுப்பட்டது.

அதே நம்பரைத் திரும்ப அழுத்தினேன். இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று மூன்று பாஷையிலும் சொன்னது.

5. கவுண்டரில் கேட்ட கேள்வி

திங்கட்கிழமை கம்பெனியின் கண்டிக் கிளைக்குப் போனேன். அதுவரை அங்கே கவர் கொடுத்துவிட்டு வாசலோடு வந்துவிடுவேன். அன்றைக்கு வரிசையில் நின்றேன். டை கட்டிய ஒரு பையன் கூப்பிட்டான்.

"தம்பி, காருக்குச் சொந்தக்காரர் தவறிட்டா அவரோட நோ கிளைம் போனஸ் சம்சாரத்துக்கு வருமா?"

"வருமே அம்மா. மரணச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், கார் அவங்க பேருக்கு மாறின பதிவுப் புத்தகம். இவ்வளவும் கொண்டு வந்தா எங்க கம்பெனியில குடுக்கிறோம்."

"மகள் ஓட்டினா? புது லைசன்?"

"பேரைப் போடுங்க. ப்ரீமியம் கொஞ்சம் கூடும். முட்டினா மொதப் பங்கு அவங்க கட்டணும், மிச்சத்தை நாங்க கட்டுவோம். ஏன், உங்க ஏஜென்ட் சொல்லலையா?"

"அவர் கேக்கல," என்றேன். "நானும் கேக்கல."

அவன் கணக்குப் பார்த்துச் சொன்ன தொகை, ஐயாவின் பெயரில் கட்டியதைவிடக் கூடத்தான். ஆனால் அந்த மூன்று கம்பெனியும் சொன்னதைவிட எவ்வளவோ குறைவு. ஒரு கேள்வியில் முடிகிற விஷயத்துக்கு நாங்கள் என்னவெல்லாம் செய்துவிட்டோம்.

ஆபீஸுக்கு வந்து சொன்னதும் ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆரக் கேட்டு நீங்க அங்க போன? ஆபீஸ் என்டயா ஒங்கடயா?"

"சவரிமுத்து ஐயாகிட்ட சொல்லிட்டேன் ஹாஜியார். பேர எடுத்துடுறேன்னு."

அவர் என்னையே பார்த்தார். எப்படிச் சொன்னேன் என்று கேட்கவில்லை. அந்தக் குரலை அவரும் கேட்டவர்தானே. கடுதாசி எடுத்து, அந்த இன்ஷூரன்ஸை ரத்துப் பண்ணச் சொல்லி நடந்ததை எழுதினார். கம்பெனிக்காரர்கள் அவரைக் கூப்பிட்டு ஏசினார்கள். ஆறு மாதம் அந்தக் கம்பெனி வேலை அவருக்கு இல்லை. அதை என்னிடம் ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

கார் ரோசலின் பெயருக்கு மாற ஆறு கிழமை ஆனது. அதுவரை ஷாமினி சாவியைத் தொடவில்லை. ஹாஜியாரின் மருமகன்தான் தன் வண்டியில் ரோசலினை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினார்.

பேர் மாறின பிறகு அவர்களோடு கிளைக் கவுண்டருக்கே போய்ப் புது ஃபோமை நான்தான் நிரப்பினேன். இந்தத் தடவை ஓட்டுபவர் கட்டத்துக்குக் கீழே ஷாமினி தன் கையெழுத்தை வைத்தாள். கோணல் மாணலாக, இரண்டு இடத்தில் பேனாவைத் தூக்கி வைத்தாள். எனக்கு அது நல்லதாகப் பட்டது.

6. மதில்

மூன்று மாதம் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பஸ்ஸுக்கு இடம் விடப்போய் ஷாமினி காரை மதிலில் உரசிவிட்டாள். இடதுபக்கக் கதவு உள்ளே போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ரோசலின் ஆபீஸுக்குப் போன் எடுத்தார், நான் நடந்தே போனேன். ரோசலினை உள்ளே சிகிச்சைக்கு அனுப்பிவிட்டு நானும் பிள்ளையும் ரோட்டோரம் நின்றோம்.

கம்பெனி இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சுற்றிப் பார்த்தார். படம் எடுத்தார். பிறகு கேட்டார்: "யார் ஓட்டினது?"

ஷாமினி அழுதுகொண்டுதான் நின்றாள். ஆனால் தடுமாறவில்லை. "நான்தான்," என்றாள்.

அவர் லைசனை வாங்கிப் பார்த்தார். போனில் தட்டிப் பார்த்தார். "சரி, பேர் இருக்கு," என்றார். கதவு திருத்தின காசில் முதல் பங்கை அவர்கள் கட்டினார்கள், மிச்சத்தைக் கம்பெனி கட்டியது. கார் கராஜில் நின்ற நாட்களில் த்ரீவீல் பிடித்தார்கள். ரோசலினுக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஏஜென்சி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லைசன் எடுத்த சின்னப் பிள்ளைக்கு மலிவாக இன்ஷூரன்ஸ் கேட்டு வருவார்கள். பெரிய தொகையைக் கேட்டதும் முகம் செத்துப்போகும். உங்களுக்கும் பாவமாக இருக்கும். குறுக்குவழி சொல்லும் முன்னால் கம்பெனியில் போய்க் கேளுங்கள். வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள். நேர்வழியில் என்ன கழிவு இருக்கிறது, யாருடைய போனஸ் யாருக்கு வரும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

ஓட்டுபவர் என்ற கட்டத்துக்கு வரும்போது பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். யார் ஓட்டப் போகிறாரோ அவர் பெயரை மட்டும் எழுதுங்கள். இல்லாத ஒருவரின் பெயரை எழுதினால், கம்பெனி கேட்கும்போது அவர் பதில் சொல்ல வரவேண்டியிருக்கும்.